நாற்காலியில் ஆள் இருக்கிறார்

ரிப்பேர்காரருக்கு வாரத்துக்கு ஒரு போன் வரும். வெள்ளிக்கிழமை, சரியாக நாலு மணிக்கு. அதற்காக அவர் மூன்றரைக்கே கைவேலையை ஓரங்கட்டிவிட்டு, விரலில் ஒட்டிய கறுப்பையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, முகத்தையும் கழுவி, தலையையும் சீவிக்கொள்வார். போனில் முகம் தெரியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அழுக்குக் கையோடு அந்தப் பெண்ணிடம் பேச அவருக்கு மனம் வரவில்லை.

பேசுவது நிதி அலுவலகத்துப் பெண். அவளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. படிவத்தில் நாலு கேள்விகள், நாலையும் கேட்பாள். இந்த வாரம் விளக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் எரிந்தது? மக்களுக்குப் பயன்பட்டதா? யாராவது இடைஞ்சல் செய்தார்களா? கடைசியாக, "வேற எதுவும் சொல்லணுமா சார்?"

முதல் மூன்று கேள்விக்கும் பதில் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நாலாவதற்குத்தான் அவர் வாரம் முழுக்கத் தயார் செய்வார். ஒரு தடவை, ஓடாத மிக்சியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பூன் கிடந்த கதையைச் சொன்னார். ஒரு தடவை முட்டிவலியைச் சொன்னார். "அப்படியா சார்" என்று அவள் கேட்டுக்கொள்வாள். பின்னால் டைப் அடிக்கிற சத்தம் கேட்கும். அவருடைய முட்டிவலியையும் படிவத்தில் ஏற்றுகிறாளா என்று அவருக்குச் சந்தேகம்தான். ஏற்றினால் ஏற்றட்டும், கேட்டாளே, அது போதும்.

சாலைக்கு இந்தப் பக்கம் அவர் கடை, அந்தப் பக்கம் சான்றிதழ் அலுவலகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவியின் மருத்துவ உதவிக்கு அங்கிருந்து ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. ஒரே ஒரு கையெழுத்து. அதற்கு அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஏழு தடவை சாலையைக் கடந்திருக்கிறார். ஏழு தடவையும் அதிகாரியின் நாற்காலி காலி. மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் இருக்கும். "கண்ணாடி இங்கதானே இருக்கு, ஆள் எங்க போயிடுவாரு? உட்காருங்க" என்பார் கிளார்க். இவர்களும் நம்பி வெளிபெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த மகானிடம் மொத்தம் மூன்று கண்ணாடிகள் இருந்தன என்பது பிற்பாடுதான் ஊருக்குத் தெரிந்தது.

சான்றிதழ் வந்தது. அவள் போய் இருபத்திரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்தது. அந்த உறையை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

பிள்ளைகுட்டி இல்லை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு. வருகிறவர்கள் பொருளைப் பற்றிப் பேசுவார்கள், பொருள் சரியானதும் போய்விடுவார்கள். நன்றாக ரிப்பேர் செய்கிறவனுக்கு இது ஒரு சாபம். ஒரு தடவை சரிசெய்தால் அந்த ஆள் அஞ்சு வருஷத்துக்குத் திரும்பி வரமாட்டான்.

அப்படியிருக்கையில்தான் யாரோ ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரித்தபோது அந்தத் தாளில் ஓர் அறிவிப்பு. அரசு அலுவலகங்களின் வேலை மக்கள் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய, சாதாரண ஜனங்களிடம் புதிய யோசனை இருந்தால் சிறு நிதியுதவி தரப்படும் என்று போட்டிருந்தது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்று வாய்க்குள் நுழையாத வார்த்தைகளும் நாலைந்து இருந்தன. அவர் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டு அதையே மூன்று தடவை படித்தார்.

விண்ணப்பத்தில், 'உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?' என்ற இடத்தில் ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அவர் மூன்று வரி எழுதினார். 'அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தால் வாசலில் விளக்கு எரியும். எழுந்தால் அணையும். அவ்வளவுதான்.'

தேர்வுக் குழுவுக்கு அந்த 'அவ்வளவுதான்' ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஆனால் போனில் ஒரு கேள்வி கேட்டார்கள்: நாற்காலியில் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வைத்துவிட்டால்?

நியாயமான கேள்வி. மூன்று கண்ணாடி வைத்திருந்தவனுக்கு ஒரு கல் கிடைக்காதா? அவர் பதினொரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பதில் என்னவோ அவருக்கு முன்பே தெரிந்ததுதான். அதை நினைக்கத்தான் அவருக்குத் தைரியம் இல்லை.

கடைசி மாதங்களில் மனைவி கடைக்குள்ளேயே ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இவர் வேலை செய்துகொண்டே நிமிடத்துக்கொரு தரம் அவளைப் பார்ப்பார். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது: உயிருள்ள உடம்பு சும்மா இருக்காது. தூங்கினாலும் தோள் ஒரு பக்கம் சாயும், கால் இடம் மாறும், பிரம்பு கிரீச்சென்னும். ஒரு நாள் மத்தியானம் அந்தச் சத்தம் வரவில்லை. கிட்டப் போகப் பயந்துகொண்டு, கையில் திருப்புளியோடு, அவர் நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் நின்று பார்த்தார்.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் கருவிக்குள் வைத்தார். மெத்தைக்கு அடியில் ஒரு தட்டு. மேலே பாரம் ஏறினால் வாசலில் பல்பு எரியும். பாரம் பத்து நிமிஷம் துளிகூட அசையாமல் இருந்தால், அது ஆள் இல்லை, ஜடம் என்று பல்பு தானே அணைந்துவிடும். முப்பது வருஷத் தொழிலில் அவர் சொந்தமாகச் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அடுத்தவன் செய்ததைச் சரிபார்த்தது.

மேலிடத்து உத்தரவோடு வாசல் சுவரில் பல்பு ஏறியது. கீழே ஒரு பலகை: 'விளக்கு எரிந்தால் அதிகாரி இருக்கையில் இருக்கிறார்.' பஸ் நிறுத்தத்திலிருந்தே பார்க்கலாம். முதல் வாரம் மொத்தமே மூன்று மணி நேரம்தான் எரிந்தது. ஜனங்கள் பஸ்ஸைவிட்டு இறங்காமலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் மூன்று கண்ணாடிக்காரர் ஆளைப் பிடித்து மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தெருவில் ரிப்பேர்காரருக்கு 'பல்பு அண்ணன்' என்று பேர் விழுந்தது.

அடுத்து வந்த அதிகாரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். அவர் வந்த முதல் வாரமே பல்பு நாற்பத்து நாலு மணி நேரம் எரிந்தது. மூன்றாவது வாரம் அறுபத்தொன்று. எரிகிற நேரத்தைக் குறித்துவைக்கும் கருவிப் பெட்டியில் பதிவானதை ரிப்பேர்காரர் போனில் நாள்வாரியாக வாசித்தார். திங்கள் பத்து, செவ்வாய் பதினொன்று என்று வாசித்துக்கொண்டே போய், ஞாயிறு ஆறு என்றும் வாசித்தார்.

"சார், ஞாயித்துக்கிழமைகூடவா!" அந்தப் பெண்ணுக்குக் குரலே துள்ளியது. "இதை அப்படியே படமாப் போட்டு எல்லாருக்கும் அனுப்பப் போறேன். உங்களுக்கு ரெண்டாம் கட்டம் நிச்சயம். இருபது ஆபீஸ். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நான் உங்களை விடறதா இல்ல."

இரண்டு வருஷம் என்றால் நூற்று நாலு வெள்ளிக்கிழமை. அவர் அதைக் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டே போனை வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே கிடையாது. அங்கே யார் உட்காருகிறது?

கல்லைத்தான் வைத்திருக்கிறான், பத்து நிமிஷத்தை ஏமாற்ற ஏதோ வழியும் கண்டுபிடித்திருக்கிறான் என்று அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தார். ஆளில்லாத தெருவில் பல்பு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. திருப்புளியை எடுத்துக்கொண்டு, பொறி வைத்துப் பிடிக்கிறவர் மாதிரிப் பின்வாசல் வழியாக நுழைந்தார்.

நாற்காலியில் கல் இல்லை. அதிகாரி உட்கார்ந்திருந்தார். எதிரே மேசை துடைத்து வைத்தது போலிருந்தது. ஒரு ஃபைல் இல்லை, ஒரு பேனா இல்லை. பிரிக்காத சாப்பாட்டு டப்பா ஒன்று மட்டும் இருந்தது. இவரைக் கண்டதும் அவர் தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்போல எழுந்து நின்றார்.

"என்ன சார் பண்றீங்க இங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"லீவு நாள்ல?"

அதிகாரி டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். "ஒன்பது ஊர் மாத்திட்டாங்க. நாலாவது ஊருக்கு அப்புறம் வீட்டுல கூட வரலைன்னுட்டாங்க. பையனோட இருக்காங்க. முதல்ல தினம் போன் வரும். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. இப்ப..." என்று நிறுத்தினார். "அந்த வாடகை அறையில இருந்தா, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. இங்க வந்து உட்கார்ந்தா வெளியில பல்பு எரியுது. உள்ளே ஒரு ஆள் இருக்கான்னு தெருவுக்குச் சொல்லுது. யாரும் பாக்கலைன்னாலும் பரவாயில்ல."

ரிப்பேர்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இந்த நாற்காலிக்கு ஏழு தடவை வந்ததையும், கண்ணாடியை நம்பி உட்கார்ந்ததையும், உறையையும், பிரம்பு நாற்காலியையும், பத்து நிமிஷத்தையும் படபடவென்று கொட்டித் தீர்த்தார். இதுவரை ஒரு ஜீவனிடமும் சொல்லாதது.

"அப்ப நான் இங்க இல்லைங்க" என்றார் அதிகாரி மெதுவாக.

"தெரியும். நாற்காலி இருந்துச்சு."

கிளம்பும்போது ரிப்பேர்காரர், "டப்பாவைப் பிரிச்சு சாப்பிடுங்க, ஆறிடும்" என்று மட்டும் சொன்னார். சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது பல்பு மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பெண் அனுப்பிய படம் மேலிடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே உள்ளவர்களுக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம் வந்தது. லீவு நாளில் ஓர் அதிகாரி ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? பின்வாசல் வழியாக ஆட்களை வரவழைத்துக் காரியம் முடித்துக்கொடுக்கிறான் என்றுதான் அர்த்தம். வியாழக்கிழமை விசாரணைக்கு ஒரு பெரியவர் வந்து இறங்கினார். கூடவே நிதி அலுவலகத்துப் பெண்ணும் வந்தாள்.

போனில் கேட்ட குரலைவிட அவள் வயதில் சின்னவளாக இருந்தாள். "சார், நான்தான்" என்று சிரித்தாள். வியாழக்கிழமை என்பதால் அவர் கை கழுவியிருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விசாரணைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "அந்த அதிகாரி வாயே திறக்க மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க. லீவு நாள்ல உள்ளே ஆள் இருந்துச்சா? இருந்துச்சுன்னா இன்னைக்கே சஸ்பெண்ட். இல்லைன்னா உங்க கருவி பொய் சொல்லுது. ரெண்டுல ஒண்ணு."

ரிப்பேர்காரர் உள்ளதைச் சொல்லிப் பார்த்தார். "இருந்தாரு. ஆனா சும்மாதான் உட்கார்ந்திருந்தாரு. போக ஒரு இடம் இல்லாம வந்து உட்கார்ந்திருந்தாரு."

விசாரணைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சும்மா யாராச்சும் ஆபீஸ்ல வந்து உட்காருவாங்களாய்யா? சம்பளம் குடுத்தே உட்கார வைக்க முடியல. உங்களுக்கும் அதுல பங்கு உண்டா?"

அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. தனியாக இருக்கிறவன் படுகிற பாட்டை வீடு நிறைய ஆளோடு இருக்கிறவனிடம் சொல்லிப் புரிய வைக்க முடியாது. படிவத்திலும் அதற்கு இடம் இல்லை. அவர் தன் கருவியை நினைத்துப் பார்த்தார். பதினொரு நாள் யோசித்துச் செய்தது, ஒரு தடவைகூடப் பொய் சொல்லாதது. தான் செய்த பொருளை நொட்டை என்று தன் வாயால் சொல்வது எந்தத் தொழில்காரனுக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற வேலைதான்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். கருவியிலதான் கோளாறு" என்றார். "உள்ளே யாரும் இல்ல. அது பாட்டுக்கு எரிஞ்சிருக்கு."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சார், கல்லு வச்சாலும் ஏமாறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பத்து நிமிஷம் அசையலைன்னா அணைஞ்சிடும்னு சொன்னீங்களே."

"சொன்னேன். சரியா வேலை செய்யல."

"அப்படி எழுதினா இந்தத் திட்டத்தையே மூடிடுவாங்க சார். இருபது ஆபீஸும் போயிடும்."

"எழுதிக்கம்மா."

அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். கறுப்பு விரல் ரேகை தாளின் ஓரத்தில் பதிந்துவிட்டது. விசாரணைக்காரர் காருக்குப் போன பிறகும் அவள் வாசலில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நம்பி ஏமாந்தவளின் முகம் அது.

"வேற எதுவும் சொல்லணுமா சார்?"

அவரிடம் அந்த வாரத்துக்கென்று ஒன்று இருந்தது. ஒரு பழைய ரேடியோவுக்குள் பல்லி முட்டையிட்டு வைத்திருந்த கதை. "இல்லம்மா" என்றார்.

பல்பையும் பலகையையும் கழற்றினார்கள். சுவரில் ஆறு ஓட்டைகள் மிஞ்சின. 'திட்டம் நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. கருவியைத் திருப்பித் தரத் தேவையில்லை' என்று ஒரு கடிதம் வந்தது. சும்மா போட்டுவைக்க மனமில்லாமல், அவர் தட்டைத் தன் ஸ்டூலின் மெத்தைக்கடியில் வைத்து, பல்பைக் கடை வாசலில் தொங்கவிட்டார். "என்ன பல்பு அண்ணே, உங்களை நீங்களே வேவு பாக்கறீங்களா?" என்று போகிறவர்கள் கேலி செய்தார்கள். "கோளாறு எங்கேன்னு பாத்துட்டிருக்கேன்" என்று அவரும் சொல்லிவைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் கை தானாகவே சோப்பைத் தேடியது. கழுவினார். முகத்தையும் கழுவினார். ஸ்டூலில் உட்கார்ந்து போனை எதிரே வைத்துக்கொண்டார். வராது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாலு அடித்தது. அவர் போனைப் பார்த்தபடியே இருந்தார். நாலு அஞ்சு. இந்த வாரம் எத்தனை மணி நேரம் என்று கேட்க ஒருவரும் இல்லை. முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. உடம்பை அசைக்க ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

வாசலில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். அதிகாரி நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"பல்பு அணைஞ்சு போச்சுங்க" என்றார்.

ரிப்பேர்காரருக்கு முதலில் விளங்கவில்லை.

"என் ஜன்னல்லேருந்து தெரியும். அணைஞ்சே இருந்துச்சு. நீங்க உட்கார்ந்திருக்கறதும் தெரியுது, பல்பு மட்டும் எரியல. கோளாறுன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அதுவா இருக்கும்னு நெனைச்சேன்." அவர் தொண்டையைச் செருமினார். "அப்புறம்தான்... அதுல கோளாறு இல்லைன்னு எனக்குத் தெரியுமே. வேற யாருக்குத் தெரியும்? அதான் ஓடி வந்தேன்."

ரிப்பேர்காரர் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தார். வாசலில் பல்பு எரிந்தது. அதிகாரியின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அந்த மனிதர் வெளிறிப் போயிருந்தார்.

ரிப்பேர்காரர் அதட்டலாகக் கேட்டார்: "ஆபீஸ் நேரம் சார் இது. நாற்காலியில ஆள் இல்லையே?"

"கண்ணாடியை மேசை மேல வச்சுட்டு வந்திருக்கேன்."

ரிப்பேர்காரர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட, தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மூலையில் பிரம்பு நாற்காலி இருந்தது. அதன்மேல் மூன்று வருஷமாகப் பழைய ரேடியோக்கள். அதை இழுத்துப்போட எழப்போனவர், நிறுத்திக் கேட்டார்.

"வெளிபெஞ்சில யாராச்சும் காத்திருக்காங்களா?"

"ஒரு அம்மா இருக்காங்க. கூட அவங்க வீட்டுக்காரர்."

"அப்ப போங்க சார். முதல்ல போய் உட்காருங்க."

"நீங்க..."

"நான் இங்கதான் இருக்கேன். வேலை முடிச்சுட்டு ஆறு மணிக்கு வாங்க. ரேடியோவுக்குள்ள பல்லி முட்டையிட்ட கதை ஒண்ணு இருக்கு."

அதிகாரி நடுச்சாலையில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு தரம் திரும்பிப் பல்பைப் பார்த்துவிட்டுப் போனார். ரிப்பேர்காரர் ஓர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார். வேலையில் ஆழ்ந்துவிட்டால் அசைய மறந்துவிடும் என்று பயம். அன்று ஆறு மணிவரை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்.